முக்திநாத் முன்பணம்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். குழுவாக யாத்திரை போகப் பணம் கட்டியவர்களுக்கு, பயணம் ரத்தானால் அதைத் திரும்பப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. கேட்கப் போனால்தான் தெரிகிறது, பணம் கட்டியதற்கே அவர்களிடம் அத்தாட்சி இல்லை என்று. இதற்குத் தங்கள் ஆணையம் தனியாக வழிகாட்டு நெறிமுறை வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் கும்பகோணம் பக்கத்தில் யாத்திரைக் குழு எப்படிச் சேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அல்லது வங்கி ஊழியர், ஆள் சேர்ப்பார். பதினைந்து பேரைச் சேர்த்தால் அவருக்கு ஓர் இடம் இலவசம். பணம் அவர் கையில் ரொக்கமாகவோ அவர் கைப்பேசி எண்ணுக்கோ போகும். பயண நிறுவனம் அவர் பெயரில் ஒரே ரசீது கொடுக்கும். மற்றவர்களிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த பெயர்ப் பட்டியலும், எதிரே போட்ட டிக் குறியும்தான்.

2025 செப்டம்பர் கடைசியில் நாங்கள் நேபாள மலையிலுள்ள முக்திநாத் பெருமாள் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். ராப்தி சாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை தாண்டிப் போக்ரா, பிறகு சிறிய விமானத்தில் ஜோம்சோம். அந்த மாதம் 8ஆம் தேதி நேபாளத்தில் இளைஞர் போராட்டம் வெடித்தது. மறுநாள் காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. சில நாட்களில் இடைக்கால அரசு அமைந்து நிலைமை அடங்கத் தொடங்கியது. ஆனாலும் நிறுவனம் பயணத்தை ரத்து செய்தது. அதில் எனக்குக் குறையில்லை. வயதானவர்களை அழைத்துப் போகிறவர் பயப்படத்தான் வேண்டும். பணத்தைக் கேட்டபோதுதான் சிக்கல். ஓராண்டுக்குள் வேறு யாத்திரைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு கூப்பன் வந்தது. முக்திநாத் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. மற்றவற்றில் போக முடிந்ததையெல்லாம் சேவித்துவிட்டு இதற்காகப் பணம் சேர்த்த எண்பது வயது அம்மாளிடம், அதற்குப் பதில் கோவா போகலாம் என்றார்கள்.

கூப்பன் வேண்டாம் என்றவர்களுக்குப் பிடித்தக் கணக்கு ஒன்று வந்தது. அதில் "ரயில் டிக்கெட் நஷ்டம்: 1,700 ரூபாய்" என்று ஒரு வரி. நாங்கள் பதிவு செய்தது ஸ்லீப்பர் வகுப்பு. உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டை வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் அப்போது ரயில்வே பிடித்தது தலைக்கு 120 ரூபாய். போக வர இரண்டு டிக்கெட்டுக்கும் சேர்த்து 240. மீதி ரயில்வேயிலிருந்து யார் கணக்குக்குத் திரும்பியதோ, எங்களுக்கு வரவில்லை. ரயில்வேயின் கட்டணப் பட்டியல் ஊருக்கே தெரியும் என்பதால் இந்த ஒரு வரியைச் சரிபார்க்க முடிந்தது. அடுத்த வரிகளான "போக்ரா ஹோட்டல்", "நேபாள பஸ்", "நிர்வாகச் செலவு" ஆகியவற்றை எதைக் கொண்டு சரிபார்ப்பது? பில் கேட்டால், "உங்களிடம் பேச வேண்டிய அவசியம் இல்லை, உங்கள் ஒருங்கிணைப்பாளரை வரச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அவரோ வாங்கியதை அப்படியே கட்டிவிட்டேன் என்று கைவிரிக்கிறார். பாவம், கோயிலுக்குக்கூட இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

சிறு நிறுவனங்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஹோட்டலுக்கு முன்பணம் கட்டி அது உண்மையிலேயே திரும்பாமல் போயிருந்தால், ரசீதைக் காட்டட்டும்; எவ்வளவு யார் தாங்குவது என்று பேசலாம். பயணி தானாக விலகினால் பிடித்தம் செய்வதிலும் நியாயம் உண்டு. நிறுவனமே ரத்து செய்துவிட்டு, பயணி விலகினால் என்ன பிடிப்பார்களோ அதையே பிடிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கெடு குறிக்காதபோது 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே. நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர் தலையில் கட்டுவது நியாயமற்ற ஒப்பந்தம். ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்ற புகாரை, நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இருபதாயிரம் ரூபாய் முன்பணத்துக்காக அதுவரை யார் போவார்கள்? சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லாமல் வழக்குப் போடலாம், அதையும் நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்பது உண்மை. அங்கும் முதல் கேள்வி, ரசீது எங்கே என்பதுதான்.

கொரோனா ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுகளுக்குப் பணம் தரச் சொல்லி 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முகவர் வழியே வாங்கியவர்களையும் அது விட்டுவிடவில்லை. அந்தப் பாக்கியைக் கொடுக்காமல் வைத்திருந்த ஓர் இணையதள நிறுவனத்துக்கு 2024இல் தங்கள் ஆணையமே உத்தரவிட்டது. அப்போது மீதமிருந்தது சுமார் இரண்டரைக் கோடி ரூபாய். இணையத்தில் விற்பவர்களைத் தங்கள் கை எட்டுகிறது. நோட்டீஸ் அடித்துத் தெருத்தெருவாக ஆள் சேர்ப்பவர்களையும் எட்ட வேண்டும். அந்த நோட்டீஸில் தமிழ்ச் சமையல்காரர் உடன் வருவார், வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு, இரவில் வெந்நீர் என்று எல்லாம் தமிழில் இருக்கிறது. முன்பணம் திரும்பாது என்பது மட்டும் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

நான் கேட்பது இவ்வளவுதான். குழுவில் யார் சேர்த்துவிட்டாலும் பயணி ஒவ்வொருவர் பெயரிலும் நிறுவனமே ரசீது தர வேண்டும். நிறுவனம் ரத்து செய்தால் பணம் 30 நாட்களுக்குள் அவரவர் கணக்குக்கே போக வேண்டும். பிடிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மூன்றாம் தரப்பின் பில் இணைக்கப்பட வேண்டும். கூப்பன், பயணி எழுதிக் கொடுத்தால் மட்டும். நிபந்தனைகள், நோட்டீஸ் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில்.

முக்திநாத்துக்கு அடுத்த பருவம் மார்ச்சில் தொடங்கும். அதற்கான முன்பணத்தை மார்கழியிலேயே வாங்கத் தொடங்கிவிடுவார்கள். நெறிமுறை அதற்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பிடித்தம் போக மீதியை இன்னும் வாங்காத ஒரு பயணி,
கும்பகோணம்