மதரஸா கூடத்தைக் காலையில் திறந்துவிடுங்கள்: ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முத்தவல்லி, ஜமாஅத் தலைவர், செயலாளர், நிர்வாகிகள், இமாம் ஹஜ்ரத் ஆகியோருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

வடசென்னையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பத்துப் பன்னிரண்டு முஸ்லிம் குடும்பங்களின் சார்பில் இதை எழுதுகிறேன். ஒரு பள்ளிவாசலை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. மதரஸா கூடம் உள்ள எந்த ஜமாஅத்தும் இதைத் தங்களுக்கு வந்த கடிதமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கேட்பது ஒன்றுதான். சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு நடக்கும் மக்தப், அதாவது குர்ஆன் ஓதும் வகுப்பு, முடிந்து பிள்ளைகள் கிளம்பிப் போனதும் அந்தக் கூடத்தைப் பூட்டிவிடுகிறீர்கள். மாலை மக்தபுக்குத்தான் மறுபடியும் திறக்கிறீர்கள். நடுவில் வாரத்துக்கு மூன்று நாள், காலை ஒன்பதரை மணியிலிருந்து நண்பகல் லுஹர் பாங்கு வரை, எங்கள் பிள்ளைகள் அங்கே கூடிப் படிக்க அனுமதி வேண்டும்.

ஏன் வீட்டுக்கல்வி என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வீடு காரணம் வேறு. ஒரு பிள்ளை ஹிஃப்ளு செய்கிறான், குர்ஆனை மனனம் செய்கிறான். காலை நேரம் முழுக்க அந்தப் பாடமான சபக்குக்கே போய்விடுகிறது. இன்னொரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பது சிரமம்; நாற்பது பேர் வகுப்பில் அவளுக்காக யாரும் நின்று சொல்லித்தரவில்லை. வளைகுடாவிலிருந்து பாதி வருடத்தில் ஊர் திரும்பியவர்களும் உண்டு. தீனும் துன்யாவும், மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும், ஒரே மேசையில் இருக்கட்டும் என்று தெரிந்தே முடிவெடுத்தவர்களும் இருக்கிறோம். பள்ளிக்கூடங்களின் மேல் எங்களுக்குப் பகை எதுவும் இல்லை.

ஆனால் வீட்டில் படிப்பது என்றால் வீட்டுக்குள்ளேயே கிடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நன்றாகக் கற்றதெல்லாம் கூட்டமாகச் சேர்ந்து கற்றதுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தார்கள். உச்சி வேளையில் நிழல் எவ்வளவோ அதைத் தனியே வைத்துவிட்டு, அதற்கு மேல் கம்பின் நீளத்துக்குச் சமமாக நிழல் வளர்ந்தால் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) பிற்பகல் அஸர் தொழுகை நேரம் வந்துவிடும். ஹனஃபியில் இரண்டு மடங்கு வளர வேண்டும். எங்கள் குழுவில் ஷாஃபி வழியில் வரும் மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, ஹனஃபி வழியில் வரும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இரண்டு பாங்குக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஏன் இருக்கிறது என்பதை அன்றைக்கு அவர்கள் தரையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டார்கள். எந்த மத்ஹபு சரி என்ற சண்டைக்கே அங்கே வேலையில்லாமல் போனது.

அதே கம்புக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வேளையில் நிழலே விழவில்லை. சூரியன் சென்னைக்கு நேர் மேலே வரும் நாள் அது. அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் சாயும். இதை முதலில் கவனித்தது எட்டு வயதுச் சிறுமி. "நிழல் ஏன் பக்கம் மாறிடுச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து பூமியின் சாய்வு, கடகரேகை, பருவங்கள் என்று வாரக்கணக்கில் பாடம் ஓடியது. மே 28-ஐ ஒட்டி நம் நேரப்படி பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16-ஐ ஒட்டி 2.57-க்கும் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கும். அந்த நிமிடத்தில் நிழல் விழும் திசைக்கு நேர் எதிர்த்திசைதான் கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் கஅபாவின் திசை. கைபேசிச் செயலி காட்டியதும் கம்பு காட்டியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பெரிய பிள்ளைகள் சரிபார்த்தார்கள். மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே தள்ளியிருக்கிறது கிப்லா என்று கோணமானியை வைத்துச் சொன்னார்கள். பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் இருக்கும் பழைய சூரியக் கடிகாரத்தைக் காட்டக் கூட்டிப் போனபோது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம் முன்னோர் செய்த வேலை பிள்ளைகளுக்குத் தானாகவே புரிந்தது.

இதெல்லாம் ஒரு மாடியில் நடந்தது என்பதுதான் எங்கள் சிக்கல். கோடையில் அங்கே வெறுங்காலை வைக்க முடியாது, மழைக்காலத்தில் ஒதுங்க இடமில்லை. பூங்காக்கள் பகலில் பூட்டிக்கிடக்கின்றன. யார் வீட்டில் கூடினாலும் அந்த வீட்டுக்காரிக்குச் சங்கடம். கீழ் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். இடம் இல்லாததாலேயே இரண்டு குடும்பங்கள் குழுவை விட்டு விலகிவிட்டன. அந்தப் பிள்ளைகள் இப்போது நிஜமாகவே வீட்டுக்குள் தனியாகத்தான் படிக்கிறார்கள். அதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

இனி உங்கள் தரப்புக் கவலைக்கு வருகிறேன். முக்கியமானது பெண்பிள்ளைகளைப் பற்றியது. "இதைச் சாக்காக வைத்துப் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட மாட்டார்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்று 2006-இல் சச்சார் குழு அறிக்கை எழுதி வைத்தது. அந்த நிலையை மாற்ற ஜமாஅத்துகள் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கின்றன. அந்த உழைப்பு எங்களால் கெட்டுவிடக் கூடாது. ஆகவே இதை நிபந்தனையாகவே எழுதிக்கொள்ளுங்கள்: பொதுத்தேர்வுக்கு உரிய வயது வந்தும் பிள்ளையைப் பதிவு செய்யாத குடும்பத்துக்கு, அது ஆணோ பெண்ணோ, கூடத்தில் இடம் கிடையாது. அப்படி ஒரு குடும்பம் எங்களோடு இருந்தால் நாங்களே உங்களிடம் சொல்வோம்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் நடக்கிறது. 14 வயது நிரம்பியவர் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம், தமிழிலும் எழுதலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதும் முறையும் இருக்கிறது. சட்டம் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை, பெற்றோருக்குத் தண்டனையும் இல்லை. இந்த இடைவெளியில் நிற்கும் குடும்பங்களுக்கு ஊரின் துணை இருப்பது பெரிய பலம். யாராவது அதிகாரி வந்து விசாரித்தால், பிள்ளைகள் படிப்பதை நேரில் பார்த்த ஜமாஅத் நிர்வாகி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

பள்ளிவாசல் தொழுகைக்கான இடம், அங்கே விளையாட்டும் கணக்கும் எதற்கு என்று கேட்பவர்கள் இமாம் ஹஜ்ரத்திடமே கேட்கட்டும். மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியின் சுஃப்பா திண்ணையில் தங்கிப் படித்தவர்களைப் பற்றி நம் பயான்களில் கேட்காதவர் இல்லை. அதே பள்ளியில் ஹபஷி (அபிசீனிய) நாட்டவர் ஈட்டி விளையாட்டுக் காட்டியதை ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களையும் பார்க்க வைத்ததை புகாரி ஹதீஸ் தொகுப்பில் வாசிக்கலாம். இருந்தாலும் நாங்கள் தொழுகைக்கூடத்தைக் கேட்கவில்லை, மதரஸா கூடத்தைத்தான் கேட்கிறோம். பாடம் நடத்துவது பெரும்பாலும் தாய்மார். மாதத்தில் எல்லா நாளும் தயக்கமில்லாமல் உள்ளே வர எங்களுக்குத் தோதான இடம் அதுதான்.

கூடம் கிடைத்தால் ஊருக்கும் பலன் உண்டு. பள்ளிவாசல் அலமாரிகளில் அரபுத்தமிழில் எழுதிய மாலைப் பாடல்களும் கிஸ்ஸா கதைகளும் ராமபாணப் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. அரபியில் இல்லாத ப, ட, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்திலேயே புள்ளியும் குறியும் சேர்த்து எழுதிய எழுத்து அது. குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளை கொஞ்சம் பழகினால் வாசித்துவிடும். வாசிக்கத் தெரிந்த நன்னிமார் (பாட்டிமார்) இன்னும் சிலர் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களை வாரம் ஒருமுறை உட்கார வைத்து, பிள்ளைகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எந்தப் பாடத்திட்டத்திலும் இது கிடைக்காது, இன்னும் பத்து வருடம் போனால் கேட்க ஆளும் இருக்காது. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடிய தமிழ் நம் தமிழ். அதை வெறும் தேர்வுக் குறிப்பாக மட்டும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது போதாது.

ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்தில் பெரிய பையன்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை பேருக்கு அரிசி எவ்வளவு, பாசிப்பருப்பு எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு என்று விகிதக் கணக்கு போட அதைவிட நல்ல இடம் இல்லை. ஸகாத்தின் நாற்பதில் ஒரு பங்கும், வாரிசுரிமையின் எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று பங்குகளும் எங்கள் பின்னப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஹஜ்ரத் மாதம் ஒருமுறை வந்து அந்தக் கணக்குகளைச் சரிபார்த்தால் போதும்.

எங்கள் பொறுப்பு என்ன என்பதையும் எழுதித் தருகிறோம். மின்கட்டணத்தில் எங்கள் பங்கை மாதாமாதம் கட்டி ரசீது வாங்கிக்கொள்வோம். கூட்டிப் பெருக்கி, குர்ஆன் வைக்கும் ரெஹால் பலகைகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவோம். பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் குறைந்தது இரண்டு பெரியவர்கள் கூடவே இருப்பார்கள்; தனியாக எந்தப் பிள்ளையும் எவரோடும் இருக்காது, அது உஸ்தாதாக இருந்தாலும் சரி. ஜனாஸா, நிக்காஹ் என்று கூடம் தேவைப்பட்டால் அன்றைக்கு நாங்கள் வர மாட்டோம். சாவியை மோதினாரிடமே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் விடுமுறையில் வந்து சேர விரும்பினால் அவர்களுக்கும் இடம் உண்டு.

ரமலான் முடிந்து ஷவ்வால் மாதம் பிறந்ததும் மூன்று மாதம் சோதனையாகக் கொடுத்துப் பாருங்கள். முடிவில் பிள்ளைகள் எழுதியதையும் செய்ததையும் ஒரு நாள் ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத்தார் முன்னால் பரப்பி வைக்கிறோம். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ஒரு வேண்டுகோள் மட்டும். நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசும்போது எங்கள் வீட்டு ஆண்களிடம் மட்டும் கேட்டு முடிவெடுத்துவிடாதீர்கள். பாடம் நடத்தும் தாய்மாரில் இருவரையாவது அழையுங்கள், தனியாக இருக்கை போட்டாலும் சரி. உங்கள் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் நாங்கள்தான்.

வஸ்ஸலாம்.

வீட்டுக்கல்விப் பிள்ளைகளின் தாய்மாரில் ஒருத்தி,
வடசென்னை