விற்பவர்களும் ஏமாற்றப்படுகிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பொருள்களை இணையத்தில் விற்கும்போது ஏமாறக்கூடியவர் வாங்குபவர் மட்டுமே என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், விற்பவர்கள் போதிய எச்சரிக்கையின்றி இருந்துவிடுகிறார்கள். பொருளை நேரில் பார்க்காமல், பேரமும் பேசாமல், கேட்ட விலைக்குச் சம்மதித்து, 'பணம் வர இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்' என்று ஒருவர் அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை உள்ளிடுவது பணம் கொடுப்பவரின் வேலையே தவிர, பெறுபவரின் வேலையன்று.

'தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பித் தாருங்கள்' என்று கெஞ்சுவது இன்னொரு வகை. இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. பிறர் பணம் தம்மிடம் தங்கக்கூடாது என்ற பதற்றத்தில், போலிக் குறுஞ்செய்தியை நம்பிச் சொந்தப் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். வங்கிக் கணக்கைத் தாமே திறந்து, தொகை வந்திருப்பதைக் கண்ட பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும். காசோலை என்றால், வரவு வைக்கப்பட்ட பின்னரும் அது திரும்பக்கூடும்.

விற்பனைத் தளங்கள் இந்த எச்சரிக்கைகளை, எவரும் படிக்காத விதிமுறைப் பக்கத்தில் புதைத்து வைக்காமல், உரையாடல் தொடங்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்