நம்ம ஊரிலும் ஆறு இருக்கிறது, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

நைனா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இதை வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பிவிடலாம், ஆனால் பேசினால் பாதியில் மறந்துபோகிறது, நீயும் வேலை நேரத்தில் அரைகுறையாகக் கேட்பாய். அதனால் இரண்டு நாளாக உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். ஆபீஸ் முடித்து வந்து பொறுமையாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஜபல்பூரில் நர்மதைக் கரையைக் காட்டினாயே, அப்போது உன் கூட நின்ற பெண் உங்கள் ஊரில் என்ன நதி என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே இந்தியில், எங்கள் ஊரில் நதியெல்லாம் இல்லை, மணல்தான் இருக்கிறது என்றாய். இருபது வருஷத்துக்கு மேல் நாக்பூர், கான்பூர் என்று அந்தப் பக்கத்து ரோட்டில் லாரி ஓட்டினவனுக்கு அந்த அளவு இந்தி புரியும். கோபம் இல்லை கண்ணு. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ பிறந்ததிலிருந்து பாலாற்றில் தண்ணீர் பார்த்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் நீ சொன்னதில் தப்பில்லை என்று அம்மா உனக்காகப் பேசினாள். எனக்கும் அது தெரியும். நம் வேலூரைப் பற்றி ஊரே சொல்கிற பழைய பேச்சு ஒன்று உண்டே, ஆறு உண்டு நீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று. கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆற்றைப் பற்றின பேச்சுதான் இன்னும் மாறவில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது கோடையில் ஆயா என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போவாள். அப்போதும் மேலே மணல்தான், கால் சுடும். ஆயா ஓர் இடத்தில் உட்கார்ந்து கையாலேயே மணலைத் தள்ளுவாள். ஒரு முழம் போனதும் மணல் நிறம் மாறும், இன்னும் கொஞ்சம் போனால் விரலில் குளிர்ச்சி தெரியும். அப்புறம் ஓரத்திலிருந்து மெல்லக் கசியும். முதலில் வருவது கலங்கலாக இருக்கும், அதைக் கொட்டாங்குச்சியால் இறைத்து இறைத்து வெளியே ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். பேசக்கூட மாட்டாள். கொஞ்ச நேரத்தில் குழியின் அடியில் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி தண்ணீர் தெளிந்து நிற்கும். அதைக் கொட்டாங்குச்சியில் மொண்டு மொண்டு குடத்தை ரொப்புவாள். அந்தத் தண்ணீருக்கு இருந்த ருசி இப்போது கேன் தண்ணீரில் எங்கே இருக்கிறது. அந்த ஊற்றுகளையே நீளமாக வெட்டி, ஊற்றுக்காலாகத் திருப்பி, மேலே சொட்டுத் தண்ணீர் ஓடாத காலத்திலும் நெல் வைத்தவர்கள் நம் ஆட்கள். பாலாறு மேலே ஓடுகிற ஆறு மட்டும் இல்லை, மணலுக்குள்ளேயும் ஓடுகிற ஆறு. அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். நானும் ஒரே ஒரு மாசம் மணல் வண்டி ஓட்டினேன், உனக்குச் சொன்னதில்லை. மனசு ஒப்பவில்லை, விட்டுவிட்டு வெளியூர் லாரி லைனுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பெண் மறுபடி கேட்டால் சொல்வதற்கு உனக்கு விவரம் தெரிய வேண்டும். பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. கர்நாடகத்துக்குள் 93 கிலோமீட்டர், ஆந்திராவுக்குள் 33, நம்மிடம் 222, மொத்தம் 348. கோலார் ஜில்லாவில் பேத்தமங்கலம் வழியாக வந்து, ஆந்திரா எல்லையைத் தாண்டி வாணியம்பாடிக்குள் நுழைகிறது. ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர், ஆற்காடு என்று வந்து, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூரில் கடலுக்குப் போகிறது. வாலாஜா பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து அணைக்கட்டு இருக்கிறதே, அங்கிருந்து பிரிகிற கால்வாயில்தான் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்புகிறது. ஒரு காலத்தில் பாலாறு அந்தப் பக்கமாகவே வடகிழக்கே ஓடி, இன்றைக்குக் கொசஸ்தலை ஆறு போகிற வழியில் கடலுக்குப் போனதாம், பிறகு தெற்கே திரும்பிவிட்டதாம், நிலவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். கொசஸ்தலைக்கு விருத்த க்ஷீரநதி என்று ஒரு பழைய பெயர் உண்டு. கிழப் பாலாறு என்று அர்த்தம்.

இப்போது நந்தி மலைக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். அந்த ஒரு மலைக்கூட்டத்திலிருந்து பாலாறு மட்டும் புறப்படவில்லை. தென்பெண்ணை அங்கேதான் பிறந்து ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாகக் கடலூருக்குப் போகிறது. வடபெண்ணை அங்கேதான் பிறந்து முதலில் வடக்கே ஓடி, பிறகு கிழக்கே திரும்பி, அனந்தபூர், கடப்பை ஜில்லாக்களைச் சுற்றி நெல்லூரில் கடலைத் தொடுகிறது. சித்ராவதியும் பாபக்னியும் அதே பக்கத்தில் பிறந்து பெண்ணையில் போய்ச் சேர்கின்றன. அர்க்காவதி தெற்கே இறங்கிக் காவிரியோடு சேர்ந்துவிடுகிறது. அந்த மலை உச்சியில் பெய்கிற ஒரே மழையில் இந்தச் சரிவில் விழுந்த துளி வேலூருக்கு, கொஞ்சம் தள்ளி விழுந்தது நெல்லூருக்கு, இன்னும் தள்ளி விழுந்தது காவிரிக்கு. ஒரே வீட்டில் பிறந்து ஆளுக்கொரு ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கச்சிகள் மாதிரி.

இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, உனக்கே தெரியும் எட்டாவதோடு நின்றவன். பாலங்களில்தான் படித்தேன். ராணிப்பேட்டையில் தோல் லோடு ஏற்றி, சித்தூர் தாண்டி, கடப்பைக்கு அந்தப் பக்கம் சென்னூரில் பெண்ணைப் பாலம் ஏறும்போது கீழே பார்ப்பேன். அங்கேயும் பெரும்பாலும் மணல்தான், நம் ஊர் மாதிரியே, அதனாலேயே அது எனக்குச் சொந்தக்கார ஆறு. கர்நூலில் துங்கபத்திரை. அப்புறம் பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, ஆஞ்சநேயர் கோயில் ஓரமாக வண்டியை நிறுத்திக் குளிப்போம். நிர்மலுக்கு முன்னால் கோதாவரி. முதல் தடவை கோதாவரியைப் பார்த்தது விடிகாலையில். பாலம் முடியவே முடியாதோ என்று நினைத்தேன், கிளீனர் பையன் ஒரு ரூபாய்க் காசைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான், நான் ஹாரன் அடித்துக் கும்பிட்டேன்.

நாக்பூரில் பழைய புத்தகக் கடையில் ஒரு பள்ளிக்கூட அட்லஸ் வாங்கினேன், நீ சின்ன வயசில் கிழித்து விளையாடினாயே அதுதான். அதில் பார்த்தபோதுதான் ஆச்சரியமாக இருந்தது. கோதாவரி நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறக்கிறது, அங்கிருந்து அரபிக்கடல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். பக்கத்தில் கடலை வைத்துக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டி 1465 கிலோமீட்டர் நடந்து வங்காள விரிகுடாவுக்கு வருகிறது. கிருஷ்ணாவும் அப்படித்தான், மகாபலேஸ்வரத்தில் பிறந்து 1400 கிலோமீட்டர். காவிரி குடகில் பிறந்து 800. ஏன் என்றால் மேற்கே தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது, அதற்கு இந்தப் பக்கம் தக்காணம் முழுக்க ஒரு முறம் சாய்த்துப் பிடித்த மாதிரி கிழக்கே சரிந்திருக்கிறது. தானியம் எந்தப் பக்கம் உருளும், அதே கணக்கு.

அதில் உன் நர்மதை மட்டும் எதிர்ப்பக்கம் போகிறது, அதன் கூடத் தபதி. விந்திய மலைக்கும் சாத்பூரா மலைக்கும் நடுவில் பூமி பிளந்து இறங்கின நீளமான பள்ளம் ஒன்று இருக்கிறது, நர்மதை அந்தப் பள்ளத்தோடு போவதால் 1312 கிலோமீட்டர் மேற்கே போய் பரூச் பக்கம் கம்பாத் வளைகுடாவில் விழுகிறது. அமர்கண்டக்கில் அது பிறக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சோன் நதியும் பிறந்து, வடக்கே போய், பாட்னாவுக்கு அருகில் கங்கையில் கலக்கிறது. சோனுக்கும் நர்மதைக்கும் நிச்சயம் பண்ணி, கல்யாணம் நின்றுபோய், அந்தக் கோபத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேற்கே போய்விட்டாள் என்று அங்கே தாபாவில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன், ஆறிப்போனது.

நீ இருக்கிற ஜபல்பூர் எவ்வளவு விசேஷமான இடம் என்று தெரியுமா? நாக்பூரிலிருந்து வரும்போது சிவனி தாண்டி சப்பாராவில் ஒரு பாலம் வரும், அது வைன்கங்கா. அந்தத் தண்ணீர் தெற்கே இறங்கி, வர்தாவோடு சேர்ந்து பிராணஹிதாவாகி, கோதாவரியில் கலந்து நம் பக்கத்துக் கடலுக்கு வருகிறது. அப்புறம் லக்னாதோன் பக்கம் மேடு ஏறி இறங்கினால் எல்லாத் தண்ணீரும் நர்மதைக்கு, அதாவது அரபிக்கடலுக்கு. உனக்கு வடக்கே கட்னி ஜில்லாவில் கேன் நதி பிறக்கிறது, அது யமுனைக்குப் போய் அப்படியே கங்கைக்கு. ஒரே நாள் லாரி ஓட்டத்தில் மூன்று வழித் தண்ணீரைத் தாண்டிவிடலாம். உனக்கு அங்கே போஸ்டிங் வந்தபோது அவ்வளவு தூரமா என்று அம்மா அழுதாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதுவும் சொன்னதில்லை.

கான்பூரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜாஜ்மவ்வில் தோல் இறக்கும்போது பக்கத்திலேயே கங்கை. 2525 கிலோமீட்டர், இமயத்துப் பனி உருகி வருகிற தண்ணீர், நம்மைப் போல மழையை மட்டும் நம்பி இருக்கிற ஆறு இல்லை. அதன் கரையில் நின்றபோது எனக்கு ஆம்பூர் வாசனை அடித்தது. அதே தோல் பதனிடுகிற ஷாப்பு வாசனை, கால்வாயில் அதே கலர். அவ்வளவு பெரிய கங்கையையே இது இந்தப் பாடு படுத்துகிறது என்றால், மணலுக்குள் ஒளிந்து ஓடுகிற நம் ஆறு என்ன ஆகும்? பாலாற்றுக்காக வேலூர் ஆட்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள், 1996-ல் தீர்ப்பு வந்தது, மாசு பண்ணினவரே செலவை ஏற்க வேண்டும் என்று அதில் சொன்னது நாடு முழுக்கச் சட்டமாக நின்றது. நம் ஊர்க் கிணறுகள் இன்னும் முழுசாகத் தேறவில்லை. ஆயா வீட்டுக் கிணறு உப்பாகிப்போனது அதற்கு முன்னாலேயே. கடைசி காலத்தில் அவள் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தது என் கண்ணிலேயே நிற்கிறது.

மேலேயும் அடைப்புதான். கோலாரில் ஏரிகள் அதிகம், மழைத் தண்ணீர் முதலில் அவற்றில் நிற்கும். ஆந்திரா எல்லைக்குள் வரிசையாகத் தடுப்பணைகள், நம் வாணியம்பாடிக்குப் பக்கத்துப் புல்லூரில் 2016-ல் 5 அடி இருந்ததை 12 அடியாக உயர்த்தினார்கள். அவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் கீழே இருக்கிறவனுக்கும் தொண்டை உண்டு.

ஆனாலும் அது செத்த ஆறு இல்லை கண்ணு. 1903 நவம்பரில் வாணியம்பாடியில் ஒரே வெள்ளத்தில் ஏறக்குறைய 200 பேரைக் கொண்டுபோன ஆறு. 2021 நவம்பரில் நீ சென்னையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், நாங்கள் போனில் காட்டினோம், நீ சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டாய். நேரில் பார்த்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆயிரம் லாரி ஒன்றாக மேடு ஏறுகிற மாதிரி இரைச்சல். விடிந்து போய்ப் பார்த்தால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் செம்மண் நிறத்தில் தண்ணீர், வேரோடு பிடுங்கின கருவேல மரங்கள் உருண்டு போகின்றன. ஊரே கரையில் நின்றது. வயசானவர்கள் கற்பூரம் ஏற்றினார்கள். அம்மா மஞ்சள், குங்குமம், பூ கொண்டுவந்து விட்டாள். ஆறு மாசத்துக்கு நம் தெருக் கிணறுகளில் கையால் மொள்ளுகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது.

சரி, நீ அடுத்த மாசம் லீவில் அமர்கண்டக் போவதாகச் சொன்னாய். போ, நன்றாகப் பார்த்துவிட்டு வா. நர்மதை அங்கே ஒரு சின்னக் குண்டத்திலிருந்து கிளம்புகிறது, அதிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா. பொங்கலுக்கு நீ வரும்போது ஆற்றுக்குப் போவோம், ஆயா தோண்டின இடம் எனக்கு இன்னும் அடையாளம் தெரியும், பள்ளமாகிவிட்டது ஆனாலும் தெரியும். தோண்டிப் பார்க்கலாம். உன்னோடு இருக்கிற அந்தப் பெண்ணுக்கும் லீவு கிடைத்தால் கூட்டிக்கொண்டு வா, அம்மாவிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே.

அன்புடன்,
நைனா