இஸ்ரேல், ராமத் கானிலிருந்து, பஸ்கா முடிந்த வாரம்

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல். இங்கே யூதர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைத்துக் கொண்டாடும் பஸ்கா முடிந்து வீடு இப்போதுதான் பழைய நிலைக்கு வந்திருக்கிறது. அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

பஸ்கா என்றால் நமக்கு ஞாயிறு பள்ளியில் படித்த புளிப்பில்லாத அப்பமும் கசப்பான கீரையும்தான். இங்கே அதற்கு வீட்டையே புரட்டிப் போடுகிறார்கள். கோதுமை, பார்லி, ஓட்ஸ் உட்பட ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் ஏழு நாளும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கடைகளில்கூட அந்த அலமாரிகளைத் தாள் போட்டு மூடிவிடுவார்கள். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் மகள் என் பெருங்காய டப்பாவை எடுத்துப் படித்துப் பார்த்தார். கோதுமை மாவு கலந்தது! அதுவும் வெளியே போனது.

நல்லவேளை, இந்த வீட்டில் அரிசிக்குத் தடையில்லை. பாட்டி பாக்தாத்தில் பிறந்தவர். 1950, 51இல் விமானங்களில் இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்த சுமார் 1,20,000 ஈராக் யூதர்களில் அவரும் ஒருவர், அப்போது சிறுமி. அவர்கள் அரிசி சாப்பிடுவார்கள். ஆனால் ஒரு கோதுமை மணிகூடத் தங்காதபடி மூன்று முறை பொறுக்கிய பிறகுதான். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பாட்டியின் மருமகளுடைய குடும்பம் போலந்திலிருந்து வந்தது. அவர் பிறந்த வீட்டில் பஸ்காவுக்கு அரிசியும் கிடையாது, பருப்பும் கிடையாது.

முதல் இரவு விருந்துக்குச் சேதர் என்று பெயர். பசித்தவர் எல்லாரும் வந்து சாப்பிடட்டும் என்று சொல்லித்தான் எகிப்துக் கதையைத் தொடங்குகிறார்கள். என்னையும் பாட்டி பக்கத்திலேயே உட்கார வைத்தார். மேசை நடுவே ஒரு தட்டு. அதில் இருக்கும் ஆட்டெலும்பும் சுட்ட முட்டையும் கி.பி. 70இல் இடிக்கப்பட்ட எருசலேம் ஆலயத்தில் செலுத்திய பலிகளின் நினைவுக்கு. உப்புத் தண்ணீர் கண்ணீருக்கு. அதில் செலரித் தண்டைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். மட்சா என்கிற புளிக்காத அப்பம், மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் எகிப்தை விட்டு ஓடியதற்கு. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அதைச் சுட்டு எடுத்துவிட வேண்டுமாம். வீட்டின் சின்னப் பிள்ளை எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல இல்லை என்று பாடிக் கேட்கிறான். வாய்க்குப் போகும் ஒவ்வொன்றும் அவனுக்குப் பதில்.

பாக்தாத் வழக்கம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. மட்சாவைத் துணியில் முடிந்து ஒரு பிள்ளையின் தோளில் போட்டுவிடுகிறார்கள். எங்கிருந்து வருகிறாய்? எகிப்திலிருந்து. எங்கே போகிறாய்? எருசலேமுக்கு. பாட்டியும் பிள்ளையாய் இருந்தபோது அந்த மூட்டையைச் சுமந்தவர்தான். அதைப் பார்க்கும்போது அவர் முகம் மாறிவிடுகிறது.

அப்புறம் ஹரோசெத் என்ற இனிப்புக் கலவை. அடிமைகளாகச் செங்கல் அடுக்கியபோது குழைத்த சாந்தின் நினைவாக வைப்பது. பாட்டி அதைப் பேரீச்சம்பழப் பாகில் வால்நட் தூவிச் செய்வார். மருமகள் ஆப்பிள், வால்நட், பட்டை, திராட்சை ரசம் சேர்ப்பார். மேசையில் இரண்டும் இருந்தன, இரண்டும் காலி.

அடிமை வாழ்வின் கசப்புக்கு மருமகள் ஹார்ஸ்ராடிஷ் என்ற கிழங்கைத் துருவி வைக்கிறார். துளி போதும், மூக்கில் ஏறிவிடும். பாட்டி வைப்பது வெறும் லெட்டூஸ். இதில் என்ன கசப்பு என்று கேட்டேன். தண்டின் அடியைக் கடித்துப் பார் என்றார். கடித்தேன், கசந்தது. யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறதாம். லெட்டூஸ் முதலில் இனிக்கும், போகப்போகக் கசக்கும். எகிப்தியரும் அப்படித்தான், முதலில் இதமாக நடத்திவிட்டுப் பிறகு அடிமையாக்கினார்கள்.

ஸ்டெல்லா, அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்த எத்தனை பெண்களை இங்கே பார்க்கிறேன்! சம்பளம் இவ்வளவு, வாரம் ஒரு நாள் லீவு என்று இனிக்க இனிக்கச் சொல்லித்தான் ஏற்றிவிடுகிறார்கள். வந்த பிறகு கடனை அடைப்பதிலேயே வருஷங்கள் போகின்றன. எனக்கு நல்ல வீடு அமைந்தது, எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. ஹார்ஸ்ராடிஷை யாரும் ஏமாந்து தின்னப் போவதில்லை. லெட்டூஸ் அப்படியா? இந்த வித்தியாசத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் நாக்கில் வைத்தே சொல்லித் தருகிற பாட்டியை நினைத்தால் மரியாதை கூடுகிறது.

ஜெனிஷா நர்ஸிங் முடித்துவிட்டாள், ஒரு ஏஜெண்ட் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரூபாய் கட்டும் முன் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கச் சொல். சம்பளம், லீவு, யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும். இங்கே விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன். அதுவரை நகையை அடகு வைத்துவிடாதே.

அன்புடன்,
மேரி