காலிக் குதிருக்கு எத்தனை பூட்டு?

சான் டியாகோ,
ஜனவரி 2026

பாட்ரேஸ் பேஸ்பால் அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொது மேலாளர், மதிப்புக்குரிய ஏ.ஜே. பிரெல்லர் அவர்களுக்கும் அணி நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதினாலும் நீங்கள் படிக்கப்போவதில்லை, அதனால் எனக்கு வசதியான மொழியிலேயே எழுதிவிடுகிறேன். இந்த ஊரின் மீரா மேசா பகுதியில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் நாலைந்து பேராவது படிப்பார்கள். எல்லாரும் கிரிக்கெட்டில் வளர்ந்து, வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, எப்படியோ பேஸ்பாலில் விழுந்தவர்கள். முதல் ரெண்டு வருஷம் எங்களுக்கு ஃபோர்ஸ் அவுட் என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. இன்றைக்கு ஏழாவது இன்னிங்ஸில், மாற்றுப் பந்துவீச்சாளர்கள் தயாராகும் புல்பென்னில் யார் எழுந்து கையைச் சுழற்றுகிறார் என்பதை வைத்தே அன்றைய முடிவைச் சொல்லிவிடும் அளவுக்கு முற்றிவிட்டது.

நான் பேச வந்தது 2025 ஜூலை 31 பற்றி. டிரேடுகளுக்கு, அதாவது அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள, கடைசி நாள். அன்று நீங்கள் ஏ'ஸ் அணியிடமிருந்து இரண்டு பிட்சர்களை, அதாவது பந்துவீச்சாளர்களை, வாங்கினீர்கள்: ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை வீசி முடிக்கும் குளோசர் மேசன் மில்லர், கூடவே ஜே.பி. சியர்ஸ். பதிலுக்குக் கொடுத்தது லியோ டி வ்ரீஸை. கூடவே மூன்று இளம் பிட்சர்களையும். டி வ்ரீஸுக்கு அப்போது 18 வயது. டொமினிகன் குடியரசிலிருந்து 2024 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கொடுத்து நீங்களே தேடிப் பிடித்த ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர். இரண்டு கையாலும் பேட் செய்கிற பையன். நாட்டிலேயே முதல் சில இடங்களில் வைத்துப் பேசப்பட்ட ப்ராஸ்பெக்ட், நாளைய நட்சத்திரம்.

மில்லரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் பந்து வீசும்போது என் நண்பர்கள் யாரும் சமையலறைப் பக்கம்கூடப் போகமாட்டார்கள். 100 மைலுக்கு மேல் ஒரு பந்து, அதற்கடுத்து அந்த ஸ்லைடர். இங்கே வந்தபிறகு சீசன் முடியும்வரை அவருடைய ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், ஒன்றுக்கும் கீழே. செப்டம்பர் 30-இல் தொடங்கி கப்ஸ் அணியோடு நடந்த வைல்ட் கார்ட் தொடரில், அதாவது கோப்பைக்கான ஆட்டங்களின் முதல் சுற்றில், வரிசையாக எட்டுப் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: இரண்டு மாத வாடகைக்கு வந்தவர் அல்ல அவர், 2029 வரை உங்கள் கையில்தான் இருக்கிறார். ரிலீவர்களுக்காக, அதாவது இடையில் வந்து வீசும் பிட்சர்களுக்காக, இதுவரை நீங்கள் செய்த டிரேடுகளிலேயே யோசித்துச் செய்தது இதுதான்.

சரி, அப்புறம் என்ன குறை என்று கேட்பீர்கள்.

அந்த வைல்ட் கார்ட் தொடர் மூன்று ஆட்டம். முதலாவதில் 3-1 என்று தோற்றோம். இரண்டாவதில் 3-0 என்று வென்றோம். மூன்றாவதில் மறுபடியும் 3-1 என்று தோற்றோம். மூன்று ஆட்டத்திலும் சேர்த்து நாம் எடுத்தது 5 ரன்கள். எங்கள் ஊரில் நெல் கொட்டிவைக்கும் மண் குதிர் தெரியுமா? ஆளுயரத்துக்கு இருக்கும். அதற்குள் நெல் இருந்தால்தான் கதவைப் பூட்டுவதில் அர்த்தம். நீங்கள் உலகத்திலேயே நல்ல பூட்டை வாங்கி மாட்டினீர்கள். உள்ளே எலிக்குக்கூட ஒன்றும் இல்லை.

பூட்டுக்கும் பஞ்சமில்லையே! மில்லர் வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஆல் ஸ்டார் ஆட்டம் நடந்தது. ராபர்ட் சுவாரெஸ், ஜேசன் ஆடம், அட்ரியன் மோரெஹோன் என்று நம் புல்பென்னிலிருந்தே மூன்று பேர் அதற்குத் தேர்வானார்கள். குளோசர் ஏற்கனவே இருக்கிறார், அவருக்கு முன்னால் வீசவும் ஆள் இருக்கிறது. அந்த நிலையில் நான்காவது பூட்டுக்காக வீட்டில் வளர்ந்துவந்த நல்ல மரத்தை வெட்டினீர்கள். அதே நாளில் ஓரியோல்ஸிடமிருந்து ராயன் ஓ'ஹெர்னையும் ராமோன் லாரியானோவையும் வாங்கினீர்கள், பேட்டர்கள் தேவை என்று உங்களுக்கும் தெரிந்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். லாரியானோ செப்டம்பர் கடைசியில் விரலை உடைத்துக்கொண்டது உங்கள் தப்பா என்ன? ஆனாலும் கையிலிருந்த பெரிய மூலதனத்தை எங்கே போட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

இதை ஒரு வருஷத்துக் கோபம் என்று தள்ளிவிடாதீர்கள். 2024-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஜூலையில் மயாமியிடமிருந்து டானர் ஸ்காட்டை வாங்க ராபி ஸ்னெல்லிங், ஆடம் மேசர், கிரகாம் பாலி உட்பட நான்கு இளைஞர்களைக் கொடுத்தீர்கள். ஜேசன் ஆடமுக்காக டாம்பா பேவுக்கு இன்னும் மூன்று பேர் போனார்கள். ஸ்காட் சொன்ன வேலையைச் செய்தார். அந்த அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு நடந்த ஐந்து ஆட்டத் தொடரில் ஷோஹெய் ஓதானியை நான்கு முறை சந்தித்து நான்கு முறையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இதற்குமேல் ஒரு ரிலீவரிடம் என்ன கேட்க முடியும்? அதே தொடரில் கடைசி 24 இன்னிங்ஸ் நம் அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 2-1 என்று முன்னால் இருந்தவர்கள் நான்காவது ஆட்டத்தில் 8-0, ஐந்தாவதில் 2-0 என்று தோற்று வீட்டுக்கு வந்தோம். குளிர்காலத்தில் ஸ்காட் நான்கு வருஷத்துக்கு 7.2 கோடி டாலருக்கு எங்கே கையெழுத்திட்டார்? அதே டாட்ஜர்ஸிடம். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸாப் குழுவில் எழுதப்பட்டவற்றை இங்கே எழுத முடியாது.

இதில் சிரிக்க ஒன்று உண்டு. 2025-இல் ஸ்காட் டாட்ஜர்ஸுக்குத் தடுமாறினார், உடம்பும் ஒத்துழைக்கவில்லை. அக்டோபர் ஆட்டங்களில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. டாட்ஜர்ஸ் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள். உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை முடித்துவைத்தது யோஷினோபு யமமோட்டோ. அதற்கு முந்தைய நாள்தான் ஆட்டத்தைத் தொடங்கி ஆறு இன்னிங்ஸ் வீசியிருந்த ஸ்டார்ட்டர் அவர். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய குளோசர் அந்த மாதத்தில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

2022-ஐச் சொல்லாமல் விடமுடியாது. ஜாஷ் ஹேடரை வாங்க மில்வாக்கிக்கு நான்கு பேரை அனுப்பினீர்கள். பிலடெல்ஃபியாவில் நடந்த லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ். நாம் 3-2 என்று முன்னிலை. ஒருவர் பேஸில் நிற்க, பிரைஸ் ஹார்ப்பர் பேட்டோடு வருகிறார். அவர் இடது கை பேட்டர், ஹேடரோ இடது கை பிட்சர். ஹேடரை இந்த நொடிக்குத்தானே வாங்கினோம் என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன், என் மனைவி பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தாள். ஹேடர் புல்பென்னிலேயே இருந்தார். வீசியது சுவாரெஸ். பந்து இடது பக்கக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. 4-3. சீசன் முடிந்தது. அடுத்த வருஷமும் முடிந்தபிறகு ஹேடர் ஹூஸ்டனுக்கு 9.5 கோடி டாலருக்குப் போனார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்டைத் திருடன் வந்த அன்று மாட்டவே இல்லை. புதிய மேலாளர் கிரெய்க் ஸ்டாமன் நம் புல்பென்னில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர், அவருக்காவது இது நினைவிருக்கும்.

ஒரு எண்ணைச் சொல்கிறேன், பொறியாளன் புத்தி. 162 ஆட்டத்தில் ஓர் அணி வீசுவது சுமார் 1,450 இன்னிங்ஸ். குளோசர் அதில் 60, மிஞ்சிப்போனால் 70. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால் டெத் ஓவர் போடுபவர். டெத் ஓவர் பவுலரின் அருமை எனக்குத் தெரியாதா? ஆனால் 110 ரன்னை வைத்துக்கொண்டு எந்த டெத் பவுலர் என்ன செய்வார்? ஷார்ட்ஸ்டாப் தினமும் ஆடுகிறார், தினமும் நான்கு முறை பேட் பிடிக்கிறார்.

இந்த இடத்தில் உங்கள் அலுவலகத்தில் யாராவது 2016-ஐ எடுத்துப் போடுவார்கள். கப்ஸ் அணி கிளேபர் டோரஸ் உட்பட நான்கு பேரைக் கொடுத்து அரோல்டிஸ் சாப்மனை வாங்கியது, 108 வருஷம் கழித்துக் கோப்பை வந்தது, யாராவது டோரஸைப் பற்றி வருத்தப்படுகிறார்களா என்பார்கள். வருத்தப்படவில்லைதான். அந்த ஏழாவது ஆட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். எட்டாவது இன்னிங்ஸில் களைத்துப்போன சாப்மனின் பந்தை ராஜை டேவிஸ் ஹோம் ரன் அடித்தார், ஆட்டம் 6-6 ஆனது. பூட்டு உடைந்தது. கப்ஸ் வென்றது பத்தாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு ரன் அடிக்க அவர்களிடம் ஆள் இருந்ததால். 8-7. சாப்மன் இல்லாமல் அந்த ஆட்டம்வரை வந்திருக்க மாட்டார்கள் என்று நீங்கள் வாதிட்டால் பாதி ஒப்புக்கொள்வேன். பாதிதான்.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே புரியாத விஷயம் இது. யாரையும் டிரேடில் கொடுக்காமல் ரிலீவர்களைக் கண்டுபிடிப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. சுவாரெஸ் ஜப்பானில் ஹான்ஷினுக்கு வீசிக்கொண்டிருந்தவர். அவரைக் கூட்டிவந்தீர்கள், ஒரு ப்ராஸ்பெக்ட்கூடச் செலவாகவில்லை. ஜெரமையா எஸ்ட்ராடாவை கப்ஸ் வேண்டாம் என்று கழற்றிவிட்டபோது வெய்வரில் எடுத்தீர்கள். அடுத்த வருஷம் அவர் தொடர்ந்து 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மோரெஹோனை 2016-இல் கியூபாவிலிருந்து ஸ்டார்ட்டராக ஆக்கத்தான் எடுத்தீர்கள், அறுவைச் சிகிச்சை, காத்திருப்பு எல்லாம் கடந்து ரிலீவராக மலர்ந்தார். ஆண்ட்ரேஸ் முன்யோஸும் இங்கே வளர்ந்த பையன். முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கட்டோடு இருந்தவரை 2020-இல் சியாட்டிலுக்குத் தள்ளிவிட்டீர்கள். அந்த டிரேடில் நமக்கு வந்தவர்களில் இரண்டு பேர் ரிலீவர்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முன்யோஸ் இப்போது மாரினர்ஸின் குளோசர், இரண்டு முறை ஆல் ஸ்டார். தோட்டத்தில் காய்த்த கத்தரிக்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுச் சந்தையில் போய் வாங்குகிறோம்.

இந்த அணியின் சரித்திரத்திலேயே பெரிய ரிலீவர் எப்படி வந்தார் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 1993 ஜூனில் பாட்ரேஸ் கேரி ஷெஃபீல்டை ஃப்ளோரிடாவுக்குக் கொடுத்தது. முந்தைய வருஷம்தான் அவர் லீக்கின் பேட்டிங் சாம்பியன். ஊரே கொதித்தது. பதிலுக்கு வந்த மூன்று பெயர் தெரியாத பையன்களில் ஒருவர் ட்ரெவர் ஹாஃப்மன். அவர் தொழில்முறை ஆட்டத்தில் கால் வைத்ததே ஷார்ட்ஸ்டாப்பாகத்தான். பேட் சரிப்படவில்லை, கை பலமாக இருந்தது, பிட்சராக மாற்றினார்கள். கடைசியில் 601 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி முடித்த ஆட்டங்கள்), 2018-இல் ஹால் ஆஃப் ஃபேம். அதாவது நம்முடைய சிறந்த பூட்டு, நாம் விற்கும் பக்கத்தில் நின்றபோது கிடைத்தது. 17 வயது ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர் 2016-இல் வந்ததும் அப்படித்தான், ஜேம்ஸ் ஷீல்ட்ஸை சிகாகோவுக்கு அனுப்பியபோது. அந்த டிரேடைச் செய்தது நீங்கள். உங்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பழைய கதை. 1990 ஆகஸ்ட் கடைசியில் பாஸ்டன் அணி 22 இன்னிங்ஸ் வீசப்போகிற லாரி ஆண்டர்சனுக்காக ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. பேக்வெல் அங்கேயே 15 சீசன், 449 ஹோம் ரன், ஹால் ஆஃப் ஃபேம். அந்தக் குளிர்காலத்தில் ஆண்டர்சன் பாஸ்டனை விட்டுவிட்டு எங்கே போனார்? சான் டியாகோவுக்கு! இந்தக் கதையில்கூட நாம் ஓர் ஓரமாக இருக்கிறோம்.

டி வ்ரீஸ் பேக்வெல் ஆவார் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. 19 வயதுப் பையன்கள் பாதிப் பேர் வழியிலேயே நின்றுவிடுவார்கள், நீங்கள் கொடுத்தவர்களில் பலர் நின்றும் விட்டார்கள். உங்கள் கணக்கும் அதுதான் என்று தெரியும். இந்த அணிக்கு 1969-இலிருந்து ஒரு கோப்பைகூட இல்லை. 1984, 1998 இரண்டு முறையும் உலகத் தொடர்வரை போய்த் தோற்றோம். மறைந்த உரிமையாளர் பீட்டர் சைட்லர் அதை மாற்றவேண்டும் என்று பணத்தைக் கொட்டினார். இப்போது அவர் குடும்பம் அணியை விற்பது பற்றி யோசிப்பதாக நவம்பரில் அறிவித்திருக்கிறது. நாளை யார் முதலாளியோ, இன்றைக்கே ஜெயித்துவிடலாம் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. போன சீசனில் பெட்கோ பார்க்குக்கு 34 லட்சம் பேருக்கு மேல் வந்தோம். எங்களுக்கும் பொறுமை குறைவுதான்.

ஆகவே ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சுவாரெஸ் அட்லாண்டா போய்விட்டார், ஒன்பதாவது இன்னிங்ஸ் மில்லருடையது. நல்லது, அது முடிந்த கதை. வருகிற ஜூலையில் ஏழாவது இன்னிங்ஸ் ஓட்டை, எட்டாவது இன்னிங்ஸ் ஓட்டை என்று யாராவது உங்கள் மேசையில் காகிதம் வைத்தால், அதை அடைக்க இன்னொரு பேட் பிடிக்கும் பையனைக் கொடுக்காதீர்கள். எஸ்ட்ராடாவைக் கண்டுபிடித்த அதே ஆட்களை அனுப்பி இன்னொருவரைத் தேடச் சொல்லுங்கள்.

கப்ஸோடு நடந்த அந்தக் கடைசி ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் உங்களுக்கு நினைவிருக்கும். அன்று நாம் எடுத்த ஒரே ரன் ஜாக்சன் மெரில் அடித்த ஹோம் ரன். 2021 டிராஃப்டில் 27-ஆவதாக எடுத்த பையன், வந்தபோது ஷார்ட்ஸ்டாப். ஹுவான் சோட்டோவுக்காக ஆறு பேரைக் கொடுத்தபோதும் அவரைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டீர்கள். அதற்கு நன்றி சொல்லவும்தான் இந்த மடல்.

மார்ச்சில் நாங்கள் நாலு பேர், சீசனுக்கு முந்தைய பயிற்சி நடக்கும் அரிசோனாவின் பியோரியாவுக்கு வருகிறோம், ஆறு மணி நேர டிரைவ். பிரதான மைதானத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, ஆனால் காலையில் பின்பக்கம் உள்ள பயிற்சி மைதானங்களுக்குத்தான் முதலில் போவோம். முதுகு வலியால் போன வருஷத்தை இழந்த கேட்சர் ஈதன் சாலஸ் மறுபடி ஓடுவதைப் பார்க்கவேண்டும். அந்த வளாகத்தின் மறுபாதி மாரினர்ஸுடையது, நேரம் இருந்தால் வேலி ஓரமாக நின்று முன்யோஸையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவோம். அதற்குள் சாலஸை யாருக்கும் கொடுத்துவிடமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் ஹோட்டலும் போட்டிருக்கிறேன். பணம் திரும்பக் கிடைக்காத ரகம்.

இப்படிக்கு,
மீரா மேசாவிலிருந்து ஒரு பாட்ரேஸ் ரசிகன்