மடிப்பாக்கம் பணம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அக்காவும் நலம். அங்கே நீயும் மருமகளும் பாப்பாவும் நலமா? பெங்களூரில் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். காதைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டு. "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று நீ போனை வைத்து மூன்று வாரம் ஆகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் கண் டாக்டரைப் பார்க்கப் போனபோது பஸ் செக்போஸ்ட் பக்கம், ரேஸ் கோர்ஸை ஒட்டி ரொம்ப நேரம் நின்றது. கிண்டி ரேஸ் கோர்ஸை 2024 செப்டம்பரில் அரசாங்கம் சீல் வைத்தது உனக்குத் தெரியும். 160 ஏக்கர், குத்தகைப் பாக்கி மட்டும் 730 கோடி என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். இப்போது உள்ளே மழைத் தண்ணீருக்குக் குளம் வெட்டியிருக்கிறார்கள். வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் குறைந்தால் நல்லதுதான். அப்பா இருந்து இதைப் பார்த்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

உங்கள் ஊரில் ரேஸ் கோர்ஸ் மெஜஸ்டிக் பக்கத்தில்தானே இருக்கிறது? நீ ஆபீஸ் போகிற வழியா அது? சும்மாதான் கேட்கிறேன்.

மாப்பிள்ளையிடம் நாற்பதாயிரம் கேட்டாயாமே. அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ஆனால் மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்காதே தம்பி. உன்னைப் பற்றி அந்த வீட்டில் எவ்வளவு மரியாதையாகப் பேசுவார்கள் தெரியுமா? நம் தெருவில் முதலில் இன்ஜினீயர் ஆனவன் நீ. உன் மார்க் ஷீட்டை அப்பா லேத் பட்டறைக்கு எடுத்துப் போய் எல்லாரிடமும் காட்டிவிட்டு, மூலையில் எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொண்டுவந்தார். அப்படி வளர்ந்த பிள்ளை அடுத்தவரிடம் கை நீட்டலாமா? வீடியோவில் மருமகள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. செயினைப் பாலிஷுக்குக் கொடுத்திருக்கிறேன் அத்தை என்றாள். பாலிஷுக்குக் கொடுத்த செயின் நாலு நாளில் வந்துவிடும். தீபாவளிக்குக் கொடுத்தது, பொங்கல் வரப்போகிறது.

சரி, சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வந்தபோது உன் நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் நாலாக மடித்த ஒரு தாள். குதிரைப் பெயர்கள், பக்கத்தில் எடை, ஜாக்கி பெயர். சில நம்பரைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் பென்சிலால் கூட்டல் கழித்தல். உன் கையெழுத்துதான். ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற பழக்கம் உனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து உண்டு. அந்தத் தாள் சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. அக்காவுக்குத் தெரியாது.

கணக்கு டீச்சராக ஒன்று சொல்கிறேன், கேள். டோட் என்கிற ரேஸ் கிளப் கவுன்ட்டரில் எல்லாரும் கட்டுகிற பணத்தைச் சேர்த்து, அதில் வரியும் கமிஷனும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கிறார்கள். குதிரை ஓடுவதற்கு முன்பே உள்ளே போனதைவிட வெளியே வரப்போவது குறைவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கு இது. ஜாக்பாட்டுக்கு வரிசையாக ஐந்து ரேஸிலும் ஜெயிக்கிற குதிரையைச் சொல்ல வேண்டும். ரேஸுக்குப் பத்துக் குதிரை என்று வைத்தாலும் ஒரு லட்சம் விதமாக முடியலாம். தனாலா என்கிற பந்தயத்தில் முதல் மூன்று குதிரையை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், அதுவே 720 விதம். குதிரையைப் படித்தவனுக்கு இது அப்படி இல்லை என்று அப்பா சொல்வார். நீயும் சொல்வாய். படிப்பு உண்டுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிரில் நிற்கிற எல்லாரும் அதே தாளைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். கடன் வாங்கிக் கட்டாதே. எதை விட்டாலும் கடன் வாங்கிக் கட்டாதே.

இந்தக் கணக்கு 1996லும் எனக்குத் தெரியும். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும், இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. 1974ல் கலைஞர் ஆட்சியில் ரேஸை நிறுத்தச் சட்டம், 1986ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் என்று இழுத்துக்கொண்டிருந்த வழக்கு. குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு என்று தீர்ப்பு. அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்து படித்துக் காட்டினார். "பார்த்தியா, கோர்ட்டே சொல்லிடுச்சு. ஒரு நாள் நீயும் வந்து பாரு." பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவரையும் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனோம். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொன்னோம்.

அன்றைக்கு என் கைப்பையில் 9,000 ரூபாய் இருந்தது. சனிக்கிழமை எடுத்த சீட்டுப் பணம். திங்கட்கிழமை மடிப்பாக்கம் மனைக்குக் கட்ட வேண்டியது. வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பயந்து கையோடு கொண்டுபோனேன்.

ஓடுவதற்கு முன் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். வேலியை ஒட்டி நின்றேன். கருஞ்சிவப்பில் ஒரு பெண் குதிரை, எண் ஏழு. கழுத்தில் வியர்வை நுரைத்திருந்தது. என் பக்கம் வரும்போதெல்லாம் காதை மட்டும் திருப்பியது. "அதுமேல கட்டுங்க" என்றேன். அது கிழம், தேறாது என்றார் அப்பா. எனக்காக அது முதலில் வரும் என்று ஐம்பது ரூபாய் வின் கட்டினார். 1,200 மீட்டர், ஒன்றேகால் நிமிஷம். குதிரைகள் கடைசி வளைவில் திரும்பும்போது நான் எழுந்து நின்றது தெரியும், அப்புறம் கத்தியது எனக்கே தெரியாது. செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. ஜாக்கிகள் சேணத்தைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கப் போனார்கள். அது முடிந்து அறிவிக்கும் வரை அப்பா கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். 420 ரூபாய் வந்தது. ஒரு மாதம் ட்யூஷன் எடுத்தாலும் எனக்கு அவ்வளவு வராது.

அப்பாவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது தம்பி. உங்கள் யாருக்கும் அது தெரியாது. சட்டைப் பையில் 200 ரூபாய் எடுத்துப் போவார், அது தீர்ந்தால் கிண்டியிலிருந்து வீடு வரை நடந்தே வருவார். அன்றைக்கும் நாலாவது ரேஸோடு அதுவும் ஜெயித்த பணமும் தீர்ந்துவிட்டது. "போலாம் வா" என்றார். நான்தான் "இன்னும் ஒண்ணு பார்த்துட்டுப் போலாம்" என்று கைப்பையைத் திறந்தேன். வேண்டாம், அது மனைப் பணம் என்று இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு ரேஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை மணி இருக்கும். அந்த அரை மணியில்தான் மனசு கெட்டுப்போகும். போனதை எடுத்துவிடலாம், இந்த ஒன்றோடு சரி என்று. கடைசி ரேஸ் முடிந்தபோது கால் வரைக்கும் கிழித்துப் போட்ட டிக்கெட் கிடந்தது. என் பையில் பஸ்ஸுக்குக் காசு இல்லை. ஒரு காலில் செருப்போடு நடந்து வந்தேன். வழியில் அப்பா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

மனை கைவிட்டுப் போனது. பாட்டி கேட்டபோது அப்பா "நான்தான் தொலைச்சேன்" என்றார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகுதான் அந்தப் பணத்தை மீட்க வேண்டும் என்று அவர் கடன் வாங்கிப் போக ஆரம்பித்தார். நீங்கள் பார்த்த அப்பா அந்த அப்பாதான்.

நீ காலேஜில் இருந்தபோது ஒரு நாள் அவர் முகத்துக்கு நேரே, "நீங்க ஒழுங்கா இருந்திருந்தா மடிப்பாக்கத்துல நமக்கு ஒரு வீடு இருந்திருக்கும்" என்று கத்தினாயே. அவர் பதில் சொல்லவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி பத்து நாள் நீ பக்கத்தில் இருந்தாய், அப்போதும் சொல்லவில்லை. எங்கே நீ என்னையும் அப்படிப் பார்த்துவிடுவாயோ என்று பயந்தேன். உன் பார்வையில் அவரைக் குற்றவாளியாகவே அனுப்பிவைத்துவிட்டேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. என்மேல் கோபப்படு, நியாயம்தான். ஆனால் அந்த ஒன்றேகால் நிமிஷம் என்ன செய்யும் என்று தெரியாதவள் உனக்குப் புத்தி சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே.

கடன் எவ்வளவு என்று சொல். யார் யாருக்கு என்றும் சொல். போஸ்ட் ஆபீசில் என் பெயரில் இருப்பதை எடுத்துக்கொண்டு நானே வந்து அவர்கள் கையில் கொடுக்கிறேன். உன் கையில் தர மாட்டேன், அதற்காக வருத்தப்படாதே. மருமகளிடம் நீயே சொல்லிவிடு. அவளாகக் கண்டுபிடிக்கும்வரை வைத்திருக்காதே. மாப்பிள்ளையிடம் கேட்காதே.

அக்கா கூழ் வடகம் போட்டிருக்கிறாள், இந்த வாரம் கூரியரில் அனுப்புகிறோம். பாப்பாவுக்கு நாற்பது வரை வாய்ப்பாடு சொல்லித் தருவதாகச் சொல்லியிருந்தேன். சனி, ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நீ கூப்பிடு. இரண்டு நாளும் கூப்பிடு. ஐந்து மணி வரைக்கும் பேசலாம், எனக்கு வேறு வேலை இல்லை.

அம்மா