முருங்கை மர வீட்டுக் குடம்

செம்பவாங், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்குத் தேர்வு, எனக்கு முழங்கால் வலி, பதில் தள்ளிப்போய்விட்டது. அம்மா இப்போது யார் துணையும் இல்லாமல் வாசல்வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். மன்னார்குடியில் மழை விட்டதா?

நேற்று இரவு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அதற்கு முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

போன வருடத்திலிருந்து மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடுகிறோம். பெயர் ஒன்றும் வைக்கவில்லை. "கதைக்கு வர்றியா?" என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த நம் நேவல் பேஸ், சோங் பாங், நீ சூன் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) ஆட்கள்தான் வருகிறார்கள். கம்பத்தை இடித்தபோது ஆளுக்கொரு திசையாகப் போனோம், யீஷூன், உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் என்று. இப்போது எம்ஆர்டி ரயில் ஏறி, கேன்பரா நிலையத்தில் இறங்கி வருகிறார்கள். அந்த நிலையம் 2019இல்தான் திறந்தது. நம் கேன்பரா ரோட்டின் பெயராவது மிஞ்சியதே என்று எனக்கு ஆறுதல்.

முதல் கூட்டத்தில் மேடை போட்டு, மைக் வைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று அட்டவணை எழுதினார்கள். மைக்கைப் பார்த்ததும் எல்லாரும் "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கும் சொந்தப் பேச்சு வரவில்லை. அடுத்த மாதமே மேடையை எடுத்துவிட்டோம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவது, ஒரு இரவுக்கு ஒருவர்தான், தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, கேட்பவர்கள் நடுவில் புகுந்து பேசலாம். வேறு விதி கிடையாது. கொண்டைக்கடலைச் சுண்டலும் தேநீரும் முறை வைத்துக் கொண்டுவருகிறோம்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு மாமா பேசிய இரவை மறக்க முடியாது. 1938இல் திறந்த, கப்பலைப் பழுதுபார்க்கும் அந்தப் பெரிய டாக், ஆறாம் ஜார்ஜ் பெயர் வைத்தது, நினைவிருக்கிறதா? கப்பல் உள்ளே வந்ததும் தண்ணீரை இறைப்பார்கள். தண்ணீர் வற்ற வற்ற அடியில் மீன் துள்ளும். கப்பலின் வயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்ட இறங்கும் ஆட்கள் முதலில் மீனைப் பிடித்து வாளியில் போட்டுக்கொள்வார்களாம். அன்று நம் வரிசை வீடுகள், லைன் முழுக்க ஒரே குழம்பு வாசம். அவர் சொல்லும்போது எனக்கு நம் அடுப்படி நினைவு வந்துவிட்டது. இன்னொரு அக்கா மரத்தடியில் முருகன் கோயில் எழுந்த கதையைச் சொன்னார். இப்போது யீஷூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில்தான். அது என்ன மரம் என்பதில் ஆரம்பித்த வாதம் பத்தரை வரை போனது.

வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய இங்கே அரசாங்கமே 1979இல் ஒரு பிரிவு தொடங்கியது. அங்கே பதிவான குரல்களை நானும் கேட்டிருக்கிறேன், பொக்கிஷம்தான். ஆனால் அங்கே பேசுபவரும் கேட்பவரும் தனியாக ஓர் அறையில் இருப்பார்கள். இங்கே ஒருவர் பேசும்போது பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி "அது அப்படி இல்ல தம்பி, கிணறு இந்தப் பக்கம்" என்பாள். அதனால் இன்னொருவருக்கு இன்னொன்று நினைவு வரும். நம் ஊர் எந்த ஒருவரின் தலைக்குள்ளும் முழுசாக இல்லை. நாலு பேர் உட்கார்ந்தால்தான் ஒரு தெரு வருகிறது. என் பேத்தி முதலில் என் வற்புறுத்தலுக்காக வந்தாள். "பாட்டி, பதிமூணாங் கட்டைன்னா மரக்கட்டையா?" என்று கேட்டாள். மைல்கல்லை அப்படித்தான் சொல்வோம் என்றேன். இப்போது அவளாகவே வந்து நாற்காலி அடுக்குகிறாள்.

சரி, நேற்றுக்கு வருகிறேன். நேற்று பேசியவர் நம் பால்கார அண்ணன்! சைக்கிளில் கேன் கட்டி, லைன் லைனாக மணி அடித்துக்கொண்டு வருவாரே, அவர்தான். எழுபதைத் தாண்டிவிட்டார், முடி முழுக்க வெள்ளை, அதே சிரிப்பு. பால் அளக்கிற தகரக் குவளையைக் கொண்டுவந்திருந்தார். கைப்பிடி கழன்று கம்பி சுற்றியிருந்தது. குவளையைச் சாய்க்கும்போது மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவார் இல்லையா, சொட்டு சிந்தாமல்? வெறுங் குவளையை வைத்து அதைச் செய்து காட்டினார். எல்லாரும் கை தட்டினோம்.

அப்புறம் 1971க்கு வந்தார். பிரிட்டிஷ்காரன் போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து லைனில் பேச்சு குறைந்துபோனது என்றார். வேலை போனவர்கள், குடியுரிமை எடுக்காமல் விட்டவர்கள், ஊருக்கே போய்விடலாமா என்று இரவெல்லாம் கணக்குப் போட்டவர்கள். யார் வீட்டிலும் அவர் பாலை நிறுத்தவில்லை. போத்தலுக்கு ஒரு கோடு என்று கதவு நிலையில் சாக்கட்டியால் போடுவார். குடும்பம் கப்பல் ஏறிவிட்டால் அடுத்த நாள் ஈரத்துணியால் அந்தக் கோடுகளைத் துடைத்துவிடுவாராம். "வேற ஆளு குடிவந்து பார்த்தா அவங்களுக்குக் குறைச்சல் இல்லையா?" என்றார். யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் சந்தைப் பையிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைசி லைன், வாசலில் முருங்கை மரம் நின்ற வீடு. ரஜூலா கப்பல் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அந்த வீட்டு அக்கா கூப்பிட்டு, "கணக்கு இதோட தீர்ந்துச்சு தம்பி" என்று குடத்தைக் கையில் கொடுத்தாராம். பாக்கிப் பணம் குடத்தின் விலையில் பாதிகூட வராது. ராத்திரி முழுக்க மனசு கேட்காமல், விடிந்ததும் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. அதன் பிறகு மூன்று வீடு மாறிவிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் மனைவி அதைப் புளி போட்டுத் துலக்கி வைக்கிறாராம்.

கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. நான் கண்ணாடி போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். உன் அம்மா பெயரின் முதலெழுத்து, பக்கத்தில் மன்னார்குடி.

"யாருக்காச்சும் தெரியுமா?" என்று அண்ணன் கேட்டார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நான் சொல்லவில்லை. முப்பது பேர் நடுவில் அம்மாவின் கடனைப் பற்றிப் பேச நான் யார்? கூட்டம் கலைந்த பிறகு லிஃப்ட் பக்கம் அவரைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். "அக்கா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார், நடக்கிறார் என்றேன். குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றார்.

உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். அம்மாவிடம் மெதுவாகச் சொல். அந்தச் சாயங்காலம், மறுநாள் கப்பல், நாகப்பட்டினத்தில் நடுக்கடலில் படகுக்கு இறங்கியது எல்லாவற்றையும் அவர் போக்கில் பேசவிட்டு உன் கைப்பேசியில் பதிவு செய். இடையில் நீ திருத்தாதே. எங்கள் கூட்டத்தில் அதைப் போடலாமா கூடாதா என்பது அவர் விருப்பம். கூடாது என்றால் நானும் அண்ணனும் மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

என் தங்கை மகன் பொங்கலுக்கு முன்னால் திருச்சிக்கு வருகிறான். குடத்தை அவனிடம் கொடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்கிறார். அடிப்பக்கம் ஒரு சின்ன நெளிவு இருக்கிறது. அது முன்பே இருந்ததா, இல்லை தன் வீட்டில் விழுந்ததா என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் பக்கத்து லைன்காரி